கத்தரிப்பூவுக்குப் பெட்டித் தேனீ போதாது

தேனீப் பெட்டி வைத்தால் கத்தரியில் காய் கூடுமா என்று ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் ஒவ்வொரு பட்டத்திலும் கேட்கிறார்கள். சூரியகாந்திக்கோ பூசணிக்கோ கேட்டால், தயங்காமல் வையுங்கள் என்பேன். கத்தரிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கத்தரிப்பூவின் மகரந்தப்பைகள் பிளந்து திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளைதான் உண்டு. உலுக்கினால்தான் தூள் கொட்டும். நீலப்பட்டைத் தேனீயும், விவசாயிகள் கருவண்டு என்கிற பெரிய தச்சுத்தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கும். அப்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறும். பழகிய காதுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். பெட்டியில் வளரும் இந்தியத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் இந்த வித்தை வராது.

இதை வயலில் சோதிப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். விரியப்போகும் மொட்டுக்கு முந்தின மாலையே வலைப்பை கட்டுவோம். சில பூக்கள் மூடியே இருக்கும். சிலவற்றைத் தேனீக்குத் திறந்து விடுவோம். இன்னும் சிலவற்றை இசைக்கவையால் நாமே அதிரவைப்போம் (பள்ளி ஆய்வகத்தில் தட்டினோமே, அதேதான்). பிறகு காய்ப்பிடிப்பு, எடை, விதை என்று கணக்கு. மூடிய பூவும் காய்க்கும். கத்தரி தன் மகரந்தத்தையே ஏற்கும், காற்று ஆட்டினாலும் கொஞ்சம் உதிரும். ஆனால் தேனீ உலுக்கிய பூவின் காய் திரட்சியாக, விதை நிறைந்து வரும். சூல்தண்டு (பூவின் நடுவில் நின்று மகரந்தத்தை ஏற்கும் தண்டு) நீண்ட பூக்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். குட்டைத் தண்டுப் பூ எந்தத் தேனீ வந்தாலும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். புதிதாக வரும் மாணவர்கள் அதிலும் அடையாளச் சீட்டு கட்டிவிட்டு, தேனீயைக் குறை சொல்வார்கள்.

சரி, இந்த உலுக்கும் தேனீக்களை எங்கே வாங்குவது? வாங்க முடியாது. இவை கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை அல்ல. நீலப்பட்டைத் தேனீ வரப்பு மண்ணிலும் பழைய மண்சுவரிலும் தனித்தனியாக வளை தோண்டும். கருவண்டு காய்ந்த மூங்கிலையும் பட்ட மரத்தையும் குடையும். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கல்தூணும் கம்பியும் நட்டு, வரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும் தோட்டத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. என்னைக் கேட்டால், பெட்டி வாங்கும் காசை மிச்சம் பிடித்து, ஒரு பக்க வரப்பை உழாமல் விட்டு, காய்ந்த மூங்கில் நாலைந்தை வேலியோரம் கட்டி வைக்கலாம். கருவண்டைத் துடைப்பத்தால் அடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அது காயைக் குடைவதில்லை. குடைவது தண்டு காய்ப்புழு, அந்துப்பூச்சியின் பிள்ளை.

அந்தப் புழுவுக்குத்தான் கத்தரியில் ஓயாமல் மருந்து அடிக்கிறார்கள். ஆண் அந்துப்பூச்சியை மணம் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனித்தண்டை அவ்வப்போது கிள்ளி அழித்தாலே தெளிப்பைக் குறைக்கலாம். இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளைத் தேனீ வராத நேரம் பார்த்து அடிப்பதும் அவ்வளவாகப் பயன் தராது. செடிக்குள் போய் மகரந்தம் வரை சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது தேனீக்களுக்காகத்தான்.

மற்ற மருந்துகளை மாலையில் அடியுங்கள் என்று நாங்களே கூட்டங்களில் சொல்கிறோம். கத்தரிக்கும், விடியலில் விரிந்து உச்சிக்குள் மூடும் பூசணிக்கும் அது சரி. ஆனால் பந்தல் பயிரில் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பீர்க்கு சாயங்காலம்தான் விரியும். சுரையும் புடலையும் இருட்டுகிற நேரத்தில் விரிந்து அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கும். அவற்றுக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், மறுநாள் காலை பூ சுருங்கிய பிறகு அடியுங்கள்.