"நான் அடிக்கவே இல்லையே, மேடம்!"

பள்ளி ஆலோசகரான என்னிடம் இந்தப் பருவத்தில் இப்படி வந்த மூன்றாவது குழந்தை இது. ஏழாம் வகுப்புப் பெண். காலை 7 மணிக்கு வயிற்றுவலி தொடங்கும், 10 மணிக்கு விட்டுவிடும். ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. "ஞாயித்துக்கிழமை வலிக்குதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைங்க மேடம்" என்றார். டாக்டரிடம் காட்டுவது அவசியம்தான். ஆனால் இந்தக் கேள்வியையும் வீட்டிலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் நடந்தது இதுதான் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பின் பெஞ்சுப் பையன் இரண்டு வாரமாக அவள் பல்லைக் கேலி செய்திருக்கிறான். ஒருநாள் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து அவன் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டாள். டீச்சர் கண்ணில் பட்டது அந்த அடி மட்டும். இரண்டு பீரியட் வகுப்பு வாசலில் நிற்க வைத்து, அந்தப் பக்கம் போன ஒவ்வொரு ஆசிரியரிடமும் "இவ ஒரு ரவுடி" என்று சொல்லியிருக்கிறார். போனில் விசாரித்தேன். உடனே பதில் வந்தது: "நான் அடிக்கவே இல்லையே, மேடம்! நிக்கத்தானே வெச்சேன்?"

பள்ளி ஆலோசகராக இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிகளில் இதற்குப் பதிலாக நான் ஒரு கதையைத்தான் சொல்வேன். லூசி மாட் மான்ட்கோமரி எழுதி 1908இல் வெளிவந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலின் 15ஆம் அத்தியாயம். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடக்கும் கதை. எழுதியவர் அந்தத் தீவின் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தவர். ஆசிரியர் மேசைக்குப் பின்னால் நின்று வகுப்பைப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு.

ஆன் ஷெர்லி, சிவப்புத் தலைமுடிக்காரி, 11 வயது அநாதைப் பெண். கில்பர்ட் பிளைத், வகுப்பில் எப்போதும் முதலிடம் பிடிக்கும் பையன். அன்று அவன் முதலில் வம்பிழுத்தது ரூபி என்ற பெண்ணிடம். அவள் பின்னலை இருக்கையோடு சேர்த்து ஊசி குத்தி வைக்கிறான். எழுந்தவள் முடி வேரோடு போய்விட்டதென்று அலறியபடி சரிந்து உட்கார, ஆசிரியர் பிலிப்ஸ் முறைப்பது அவளைத்தான். அதற்குள் கில்பர்ட் ஊசியை மறைத்துவிடுகிறான். பயிற்சிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். சத்தம் போட்ட பிள்ளைதான் குற்றவாளி என்று முடிவு கட்டும் பழக்கம் அந்த வகுப்பில் அப்போதே ஊறியிருக்கிறது.

அடுத்து ஆனின் பின்னல் நுனியைக் கையில் தூக்கிப் பிடித்து, "கேரட்! கேரட்!" என்கிறான். அவள் சிலேட்டால் அவன் தலையில் ஒன்று போட, சிலேட்டு இரண்டாகப் பிளக்கிறது. கில்பர்ட் எழுந்து, "தப்பு என்னுடையது சார், நான்தான் அவளைக் கேலி செய்தேன்" என்று சொல்கிறான். பிலிப்ஸ் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆனைக் கரும்பலகையின் முன் நிறுத்தி, அவள் தலைக்கு மேலே அவள் கோபக்காரி, கோபத்தை அடக்கக் கற்க வேண்டும் என்று எழுதுகிறார். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று உரக்கப் படித்தும் காட்டுகிறார். மதியம் முழுக்க அவள் அங்கேயே நிற்கிறாள். Anne என்ற அவள் பெயரின் கடைசி எழுத்தான 'e'யைக்கூட விட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தார்.

அவரும் அடிக்கவில்லை! பிரம்படியே தேவலை என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதாக நாவலிலேயே வருகிறது. ஆசிரியர்களே, தயவுசெய்து கேளுங்கள். கையை நீட்டவில்லை என்பதால் நீங்கள் கொடுத்தது சின்னத் தண்டனை ஆகிவிடாது. 'அடித்தது தப்பு' என்றால் அது ஒரு செயலைப் பற்றிய பேச்சு, பிள்ளை அதைத் திருத்திக்கொள்ள முடியும். 'நீ ரவுடி' என்று நாற்பது பேர் முன்னால் சொன்னால் அவள் எதைத் திருத்துவாள்? மறுநாளிலிருந்து அந்த நாற்பது பேரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேலி செய்த பையனுக்கு நீங்களே புதிதாக ஒரு பட்டப்பெயரையும் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆன் மறுநாள் பள்ளிக்குப் போகிறாள். இதையும் கவனியுங்கள். அவளை உடைத்தது அந்த இரண்டாம் நாள்தான். மதிய இடைவேளை முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் தாமதமாக உள்ளே ஓடி வருகிறார்கள். அத்தனை பேரையும் தண்டிக்க பிலிப்ஸுக்குச் சோம்பல். ஒரு பலியாடு போதும். ஆனை மட்டும் பிடித்து, "ஆண்பிள்ளைகள் சகவாசம் பிடிக்குதே, போய் கில்பர்ட் பக்கத்தில் உட்கார்" என்கிறார். அன்று மாலை மேசையைக் காலி செய்துகொண்டு போனவள் பல வாரங்கள் திரும்பி வரவில்லை.

அவளை வளர்க்கும் மரில்லா, பத்துப் பிள்ளைகளை வளர்த்த ரேச்சல் லிண்டிடம் யோசனை கேட்கிறாள். அந்த அம்மா பிரித்துச் சொல்கிறார்: நேற்று கோபத்துக்குத் தண்டித்தது சரி, இன்றைக்குச் செய்தது தப்பு, தாமதமாக வந்த எல்லோரையும் சேர்த்துத்தான் தண்டித்திருக்க வேண்டும். முதல் நாள் தண்டனையின் விதத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் இரண்டு நாளையும் ஒன்றாகக் கட்டாமல் தனித்தனியாக எடை போட்டாரே, அதைத்தான் ஒவ்வொரு விசாரணையிலும் எதிர்பார்க்கிறேன். அவளாகக் கேட்கும்வரை பள்ளிப் பேச்சையே எடுக்காதே என்றும் சொல்கிறார். அதை மட்டும் நம் பிள்ளைகளிடம் செய்து பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் நாள் கூடக் கூட, திரும்பிப் போவது மலையாகிவிடும். ஒரு வாரத்துக்குள் ஆலோசகர் யாரிடமாவது கூட்டிப் போங்கள்.

தண்டிக்கும் முன் "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும், பாடம் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு பையன் தானாக எழுந்து தப்பை ஒப்புக்கொண்டால் அங்கேயே நில்லுங்கள். அதைத் தாண்டிப் போனால் இனி அவன் எழுந்திருக்க மாட்டான். போர்டில் பிள்ளையின் பெயரை எழுதி அசிங்கப்படுத்தாதீர்கள். பன்னிரண்டு பேர் தாமதம் என்றால் பன்னிரண்டு பேருக்கும், முடியாவிட்டால் யாருக்கும் வேண்டாம். பெண் பிள்ளையைப் பையன் பக்கத்தில் உட்கார வைப்பதைத் தண்டனையாக்கும் வழக்கம் இன்னும் நம் பள்ளிகளில் நடக்கிறது. நிறுத்துங்கள், போதும். பெற்றோரே, "டீச்சர் சும்மாவா திட்டுவாங்க?" என்பது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டாம்.

கில்பர்ட் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டான். பிறகும் கேட்டான். இருவரும் நண்பர்களாக ஐந்து வருடம் ஆனது. விட்டுப்போன ஐந்து வருடப் பேச்சைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று கடைசியில் அவளே மரில்லாவிடம் சொல்கிறாள். இரண்டு நல்ல பிள்ளைகள். முதல் நாளே உட்கார வைத்துப் பேசியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

வருகிற புதன்கிழமை அந்த டீச்சர் என் அறைக்கு வருகிறார், அந்தப் பெண்ணும் வருகிறாள். பையனை நேற்றே பார்த்துவிட்டேன். நான் கேட்காமலே ஒரு ரஃப் நோட்டுத் தாளைக் கிழித்து, "நான்தான் மிஸ் ஃபர்ஸ்ட் ஆரம்பிச்சேன்" என்று எழுதிக் கொடுத்தான். அன்றைக்கே வகுப்பில் சொன்னானாம், யாரும் கேட்கவில்லையாம். அந்தத் தாளை டீச்சருக்கு அனுப்பியிருக்கிறேன். வரும்போது படித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.