உள்ளே பேசுவது காதுக்கு எப்படித் தெரியும்?

"தனியாக இருக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன், இது நோயா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நோயில்லை. மூன்று வயதுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். வயது ஏற ஏற அது முணுமுணுப்பாகி உள்ளே அடங்கிவிடும். சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் 1934ஆம் ஆண்டு நூல் இதைத்தான் சொல்கிறது. வேலை சிக்கலானால் அடங்கியது மறுபடி வெளியே வரும். சாவி தேடும்போது "சாவி, சாவி" என்கிறோமே, அதுதான்.

உள்பேச்சும் உச்சரிப்புதான். ஒரு புதுக் கைபேசி எண்ணைப் படித்துவிட்டு, நிறுத்தாமல் "தி தி தி" என்று சொல்லிக்கொண்டே நினைவில் வைக்கப் பாருங்கள். பாதிக்குமேல் தங்காது. எண்ணைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டிய உச்சரிப்பு இயந்திரத்தை "தி" பிடித்துக்கொண்டது. அதற்காக நாக்கு அசைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் குராரே மருந்தால் தன் தசைகளையெல்லாம் செயலிழக்கவைத்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். 1947இல் வெளியான அந்தச் சோதனையில் நாக்கு அசையாதபோதும் அவர் சிந்தனை கடைசிவரை தெளிவாகவே இருந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பேசும்படி வாய்க்கு உத்தரவு போகும்போதே அதன் நகல் ஒன்று மூளையின் கேட்கும் பகுதிக்கும் போகிறது: 'இந்த நொடியில் இந்த ஒலி வரும், கண்டுகொள்ளாதே.' சொன்னபடி ஒலி வந்தால் கேட்கும் பகுதி அடக்கி வாசிக்கும்.

இதைத் துல்லியமாகக் காட்டியது சுவர்க்கோழி. இறக்கைகளை உரசி அது பாடும் சத்தம் அருகில் 100 டெசிபலைத் தாண்டும். காதோ முன்னங்காலிலேயே இருக்கிறது. தன் பாட்டிலேயே அது செவிடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒவ்வொரு உரசலின்போதும் செவி நரம்பணுக்கள் தணிக்கப்படுகின்றன. இடைவெளியில் அடுத்த பூச்சியின் குரல் நன்றாகவே கேட்கும். ஆய்வாளர்கள் ஒரு இறக்கையை எடுத்துவிட்டார்கள். உரசல் அசைவு உண்டு, சத்தம் இல்லை. அப்போதும் செவி நரம்பணு தணிந்தது! ஒலியைக் கேட்டு அல்ல, உத்தரவின் நகலைக் கண்டுதான் அது அடங்குகிறது. நகலைச் சுமக்கும் அந்த ஒற்றை நரம்பணுவையே போலே, ஹெட்விக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். பூச்சி ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு என்று கேட்கும் நிதிக்குழுக்கள் இதைப் படிக்கலாம்.

சத்தமில்லாத பாட்டுக்கு நகல் உண்டென்றால் மனசுக்குள் பேசும் பேச்சுக்கும் இருக்குமா? ஆஸ்திரேலியாவில் விட்ஃபோர்டு குழு 2017இல் சோதித்தது. திரையில் நகரும் குறி ஒரு கோட்டைத் தொடும் அதே கணத்தில் மனசுக்குள் "பா" என்று சொல்ல வேண்டும். அதே கணத்தில் ஹெட்ஃபோனில் "பா" அல்லது "பீ" ஒலிக்கும். கணம் தவறினால் சோதனை பாழ், அதனால்தான் நகரும் குறி. ஒலி வந்து சுமார் 100 மில்லி நொடியில் எழும் மூளை அலை, இரண்டும் ஒத்துப்போனபோது சிறுத்தது. "பீ" வந்தபோது அப்படிச் சிறுக்கவில்லை.

இந்த நகல் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால்? சொந்த உள்பேச்சே அந்நியக் குரலாகத் தோன்றும். மனச்சிதைவு நோயில் கேட்கும் குரல்களுக்கு இது ஒரு வலுவான விளக்கம்; முடிந்த முடிவு அல்ல. அந்த நிலையில் இருப்பவரை நம் ஊரில் இன்னும் வேப்பிலை அடிக்க இழுத்துப் போகிறார்கள். குரல் யாரோ பேசுவதாகவே கேட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.