பெட்டகத்தின் மேல் பழி போட்ட மீட்டர்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவு வீடு, முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு. வீட்டுக் காற்றைச் சோதிக்க நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நூறு வயதைத் தாண்டிய பர்மா தேக்குப் பெட்டகத்தை நான்கு ஆள் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார்கள். "அதுலேர்ந்துதான் தம்பி விஷக் காத்து வருது" என்று ஆச்சி ஒரு மீட்டரை நீட்டினார். ஃபார்மால்டிஹைடு என்கிற, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுவை அளப்பதற்கென்று மகன் இணையத்தில் வாங்கி அனுப்பியது. பெட்டகத்துக்கு அருகில் கொண்டுபோனதும் எண் ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது, உண்மைதான்.

பேத்திக்குக் கண் எரிச்சல், விடாத இருமல். அவள் படுப்பதோ வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் புதிதாகத் தடுத்த ஏசி அறையில். அங்கே சுவர் முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு அலமாரி. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது, அந்தப் பசைதான் இந்த வாயுவை விடும். அதை யாரும் சந்தேகப்படவே இல்லை.

இந்த வருடம் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த மீட்டர் ஃபார்மால்டிஹைடை மட்டும் பார்ப்பதில்லை. மலிவான சென்சாருக்கு ஸ்பிரிட்டும் ஒன்றுதான், சென்ட்டும் ஒன்றுதான், கை கழுவும் சானிடைசரும் ஒன்றுதான், தாளிக்கிற புகையும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் எண் ஏறும். பெட்டகத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஆசாரி அரக்கு பாலிஷ் போட்டிருக்கிறார். அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில். மீட்டர் பார்த்தது அந்த ஸ்பிரிட்டை! இயற்கை மரமும் ஃபார்மால்டிஹைடை இம்மியளவு வெளியிடும். ஆனால் அது பேத்தியை இரும வைக்கிற அளவு இல்லை. சில மீட்டர்கள் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அலகிலும் சில ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் காட்டும். 0.1 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 0.08 பிபிஎம். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்?

முறையான சோதனை வேறு. அறையை இரவு முழுக்க மூடி வைக்க வேண்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, தரை துடைக்கும் திரவம் எதுவும் கூடாது. இந்த வாயுவைப் பிடித்து வைக்கும் டிஎன்பிஹெச் என்ற ரசாயனம் பூசிய சிறு குழாய் வழியாகப் பம்பு வைத்துக் காற்றை அளந்து இழுத்து, குழாயைக் குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கூடவே குறிப்போம். உலக சுகாதார அமைப்பு 2010இல் சொன்ன உள்ளறை அளவு, 30 நிமிடச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். பேத்தியின் அறை அதைத் தாண்டியிருந்தது. பட்டாலைக் கூடத்தில் அளந்தது தாண்டவில்லை. இந்த வாயுவைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004இலேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. அதனால் இதை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

"வாடை போயிருச்சே" என்பார்கள். போனது வாடை இல்லை, மூக்கு பழகிவிட்டது. பலகையிலுள்ள யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை வாயுவை வருடக் கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலிலும் ஈரத்திலும் இன்னும் கூடும். பலகையில் 'இ1' (வாயு குறைவாக விடும் பலகைக்கான ஐரோப்பிய வகை) முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த முத்திரைக்கான கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம் வரம்பு 23 டிகிரியில், 45 சதவீத ஈரப்பதத்தில் சோதித்தது. காரைக்குடி சித்திரை வெயிலில் சோதித்தது அல்ல.

நம் பழைய வீடுகளில் முற்றம் வழியாகக் காற்று ஓடியது. இப்போது முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடுகிறோம், கட்டுப் பகுதியைத் தடுத்து ஏசி வைக்கிறோம், கல்யாணச் சீரில் வந்த போர்டு பீரோவை அதற்குள்ளேயே அடைக்கிறோம். தயவுசெய்து அந்த அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். புது அலமாரி வந்தால் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து சில வாரமாவது காற்றாட விடுங்கள். வெட்டிய வெங்காயம், கரி மூட்டை, தொட்டிச் செடி எதுவும் வாயுவை உறிஞ்சிவிடும் என்று நம்ப வேண்டாம். தூசி பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் வாயுவைப் பிடிக்காது.

வாங்கும்போதே பசை எது என்று கேளுங்கள். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் ஃபீனால் பசை. அது விடுவது மிகக் குறைவு. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். அப்புறம், ஆசாரி வெட்டிய ஓரம், பின்பக்கம், திருகு போட்ட துளை எல்லாம் மூடியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கானாடுகாத்தான் அலமாரியில் முன்பக்கம் பளபளவென்று லேமினேட், பின்பக்கம் முழுக்க மூடாத வெறும் பலகை.

ஓரங்களை அடைத்து, முற்றத்துப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி அளக்கப் போகிறேன். அதுவரை பேத்தி பட்டாலையில் பாய் விரித்துப் படுக்கட்டும். இருமலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள் ஆச்சி, அதைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டகத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள், மழை வரப்போகிறது.