படம் உங்களுடையது, உரிமை யாருடையது? ஓவியர்களுக்கான பதிப்புரிமை விளக்கம்

ஒரு படத்தை வரைந்து முடித்த நொடியிலேயே அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டாம், மூலையில் வட்டம் போட்டு ‘சி’ எழுத வேண்டாம், யாரிடமும் முத்திரை வாங்க வேண்டாம். ஓவியம், கோட்டுப்படம், சிற்பம், புகைப்படம், வரைபடம் எல்லாமே இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) கலைப்படைப்புதான். படம் நன்றாக இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று பிரிவு 2-லேயே எழுதியிருக்கிறது. இன்னொருவருடையதை நகலெடுக்காமல் நீங்களே உருவாக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் சட்டம் ஓர் இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. படத்தைத் திருடுகிறவர்களால் இழப்பதைவிட, நம் ஓவியர்கள் அந்த இடத்தில் இழப்பதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆர்டர் எடுத்து வரையும்போது

ஒருவர் வாட்ஸ்அப்பில் கல்யாணப் புகைப்படம் ஒன்றை அனுப்பி, “இதை ஆயில் பெயின்டிங்கா வரைஞ்சு குடுங்க, எவ்ளோ ஆகும்?” என்று கேட்கிறார். நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள். முன்பணம் ஜிபேயில் வருகிறது, படம் போய்ச் சேர்கிறது. வேறு எதுவும் பேசவில்லை. இப்போது பதிப்புரிமை யாரிடம்?

ஆர்டர் கொடுத்தவரிடம். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் ஓவியம், உருவப்படம், புகைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. அதே படத்தைப் பிரின்ட் போட்டு விற்கவோ, காலண்டருக்குக் கொடுக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. மாதச் சம்பளத்தில் வேலை செய்பவருக்கும் இதே கதைதான். வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குப் போகும். பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைபவர்களுக்கு மட்டும் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு, மற்றதெல்லாம் ஓவியருக்கு. அந்தப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டால் உரிமை உங்களுடையது, வேறு ஒப்பந்தம் போட்டிருக்காத வரை.

ஆர்டர் ஓவியம் என்றால் முன்பணம் வாங்கும்போதே இரண்டு வரி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: “படம் உங்களுக்கு, பதிப்புரிமை எனக்கு. வீட்டில் மாட்டலாம், என் பெயரோடு சமூக ஊடகத்தில் போடலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் தனியாகப் பேசிக்கொள்வோம்.” கேட்கத் தயங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பலருக்கும் சுவரில் மாட்ட ஒரு படம்தான் வேண்டும், உரிமை வேண்டியதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு வரியில் இன்னொன்றும் தங்கியிருக்கிறது. மூல ஓவியம் பின்னாளில் கைமாறி 10,000 ரூபாய்க்கு மேல் விற்றால், அந்த மறுவிற்பனைத் தொகையில் 10 சதவீதம் வரை ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது பிரிவு 53ஏ. ஆனால் ஓவியர் முதல் உரிமையாளராக இருந்திருந்தால்தான் அந்தப் பங்கு. முதல் உரிமை போனால் இதுவும் போகும்.

பதிப்பாளருக்கோ நிறுவனத்துக்கோ உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படம், என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு பணம் என்று எழுதியிருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை உங்களிடமே திரும்பும். ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகெங்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் ஏன் வருகிறது என்று இப்போது புரியும். அந்த வரியைப் பார்த்தால் விலையை உயர்த்துங்கள், அல்லது அதை நீக்கச் சொல்லுங்கள்.

உரிமையை முழுவதும் விற்ற பிறகும் ஒன்று ஓவியரிடம் எஞ்சும். படைத்தவர் நான்தான் என்று சொல்லும் உரிமை, படைப்பைத் தன் மதிப்புக் கெடும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமை. இது பிரிவு 57. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் செகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. பாகங்கள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டார். எஞ்சிய பாகங்களைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிரே நின்றது மத்திய அரசு. வேலைக்குப் பணம் கொடுத்ததும் அரசுதான். அப்படியும் சிற்பி ஜெயித்தார்.

அடுத்தவர் படத்தை நீங்கள் எடுக்கும்போது

‘ஃபேர் யூஸ்’ (நியாயமான பயன்பாடு) என்று இணையத்தில் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டம். அங்கே எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தியிருந்தாலும் நான்கு அளவுகோல்களை வைத்து நீதிமன்றம் எடைபோடும். நம் சட்டம் அப்படி இல்லை. பிரிவு 52 ஒரு பட்டியல். சொந்தப் பயன்பாடு மற்றும் ஆராய்ச்சி, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகிய நோக்கங்களுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும்போது பயன்படுத்துவது போன்ற விலக்குகள் தனித்தனியாக இருக்கின்றன. முதலில் பட்டியலில் உள்ள ஒரு நோக்கத்துக்குள் வர வேண்டும். அப்புறம்தான் எவ்வளவு எடுத்தீர்கள், அசல் படத்தின் சந்தையை அது பாதிக்கிறதா என்ற கேள்விகள்.

ஒரு நடிகரின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்து நோட்டில் பென்சிலால் வரைந்து பழகுகிறீர்கள். சொந்தப் பயிற்சி, பிரச்சினை இல்லை. இன்ஸ்டாகிராமில் போட்டால் பொதுமக்களிடம் கொண்டுபோகிறீர்கள். யாரும் கேட்காமல் விடலாம், ஆனால் சொந்தப் பயன்பாடு என்ற பாதுகாப்பு அங்கே முடிந்துவிடுகிறது. அதையே பிரின்ட் போட்டும் டி-ஷர்ட்டில் போட்டும் விற்றால், புகைப்படக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பென்சிலில் இருந்து வண்ணத்துக்கு மாறியதோ, பின்னணியை மாற்றியதோ காப்பாற்றாது. நடிகரின் முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தியதற்காக அவர் தரப்பிலிருந்து தனிக் கேள்வியும் வரலாம்.

30 சதவீதம் மாற்றினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு கணக்கு எந்தப் பிரிவிலும் இல்லை. ‘நன்றி: கூகுள்’ என்று போடுவதும் அனுமதி ஆகாது, கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, தேடித்தான் கொடுத்தது. தாராளமானது என்று சொல்லப்படும் அமெரிக்காவிலேயே 2023-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். பாடகர் பிரின்ஸைப் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த படத்திலிருந்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஒரு படவரிசை செய்தார். அதில் ஒன்றைப் பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்ததை நியாயமான பயன்பாடாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகைப்படக்காரரும் அதே பத்திரிகைச் சந்தையில்தான் தன் படத்தை விற்கிறார் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

பாணிக்கும் கருத்துக்கும் உரிமை கிடையாது. தஞ்சாவூர் ஓவியப் பாணியில் யாரும் வரையலாம். மழையில் குடை பிடிக்கும் சிறுமி என்ற கருவை யாரும் எடுக்கலாம். ஒருவர் வரைந்த குறிப்பிட்ட படத்தைப் பெயர்த்தெடுக்கத்தான் கூடாது.

பொது இடத்தில் உள்ளவற்றுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையைப் படமெடுத்து வெளியிடலாம், வரைந்து விற்கலாம். பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்துக்கும், கட்டடங்களுக்கும் சட்டம் அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது. சுவரோவியத்தை அந்த வரி சொல்லவில்லை. சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களில் உள்ள ஓவியங்கள் ஒரு திரைப்படக் காட்சியில் வரலாம், அதற்குத் தனி விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஓவியத்தை மட்டும் எடுத்து போஸ்டராக அச்சிட்டு விற்க ஓவியரிடம் கேட்க வேண்டும். தெருவில் வரைந்ததால் ஊருக்கே எழுதிக் கொடுத்ததாகாது.

ஓவியரின் ஆயுளுக்கும் அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் உரிமை இருக்கும். ராஜா ரவிவர்மா 1906-ல் இறந்துவிட்டார், அவருடைய ஓவியங்களைப் பயன்படுத்தலாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் இறந்தது 1977-ல்; 2037 முடியும் வரை அனுமதி வேண்டும்.

உங்கள் படத்தை எடுத்துவிட்டால்

பதிவு கட்டாயமில்லை என்றாலும், வழக்கென்று வரும்போது பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்; சரக்குகளில் பயன்படுத்தும் லேபிள், லோகோ போன்றவற்றுக்கு 2,000 ரூபாய், கூடவே வணிகக்குறி (டிரேட்மார்க்) அலுவலகச் சான்றும் வேண்டும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பார்கள். எல்லாப் படத்துக்கும் பதிவு தேவையில்லை. விற்பனையாகும் படங்களுக்குச் செய்யுங்கள். மற்றவற்றுக்கு லேயரோடு கூடிய கோப்பு, ஸ்கெட்ச், தேதியுள்ள மின்னஞ்சல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். சேலை, டைல்ஸ் போன்ற பொருட்களுக்கென்றே உருவாக்கும் டிசைன் என்றால் மட்டும் கவனம்: வடிவமைப்புச் சட்டத்தில் (2000) பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் இயந்திர முறையில் 50-க்கு மேல் உற்பத்தி செய்தால் அதன் பதிப்புரிமையே முடிந்துவிடும்.

இணையத்தில் யாராவது போட்டிருந்தால், ஸ்கிரீன்ஷாட்டும் முகவரியும் எடுத்து வைத்துவிட்டு அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தப் படம், அது உங்களுடையது என்பதற்கு ஆதாரம், நகல் இருக்கும் முகவரி, பிரிவு 52-க்குள் அது ஏன் வராது என்பது எல்லாம் இருக்க வேண்டும். 21 நாளுக்குள் வழக்குத் தொடர்ந்து நீதிமன்ற உத்தரவைக் கொடுப்பேன் என்ற உறுதிமொழியும் வேண்டும்; இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புகார் சரியாக இருந்தால் 2013-ம் ஆண்டு விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் தளம் படத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். பெரிய தளங்களில் அவர்களுடைய சொந்தப் புகார்ப் படிவமும் இருக்கும், பெரும்பாலும் அதுவே வேகமான வழி.

அச்சிட்டு விற்பவர் என்றால் வக்கீல் நோட்டீஸில் பல விவகாரங்கள் முடிந்துவிடும். முடியாவிட்டால் தடையுத்தரவு, இழப்பீடு, மீறியவர் அதில் சம்பாதித்த லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு வழக்குப் போடலாம். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பிரிவு 63. எதிராளி டெல்லியில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடப் பிரிவு 62 இடம் கொடுக்கிறது. இழப்பீட்டு வழக்குக்குக் கெடு, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு.