கௌலிங்கைக் கழற்ற எத்தனை நிமிடம் ஆகிறது?

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறவர் படகு இஞ்சின் வேலையில் ஊறியவர். நான் முப்பது வருடம் விமானப் பராமரிப்பில் இருந்துவிட்டு இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை போய் வேலையைப் பார்த்துவிட்டு வருவேன். போன முறை இஞ்சினைத் தரையிலேயே இருபது நிமிடம் ஓட்டினோம். நின்றதும், "கௌலிங்கைக் கழற்றுங்க தம்பி, உள்ளே ஒரு பார்வை பார்த்துடலாம்" என்றேன். இஞ்சினை மூடியிருக்கும் ஃபைபர் கூட்டைத்தான் கௌலிங் என்கிறோம்.

"நாப்பது ஸ்குரூ சார். நல்லாத்தானே ஓடுச்சு, அடுத்த வாட்டி பார்த்துக்கலாமே" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017-ல் பதிவு எண் கிடைத்ததிலிருந்து, இந்த வேலையில் இறங்க ஆசைப்படும் இளைஞர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். இஞ்சின் எது, இறக்கை எது என்று மணிக்கணக்கில் கேட்பார்கள். கௌலிங்கை எதைக் கொண்டு பூட்டுவது என்று யாரும் கேட்டதில்லை. ஆயில் கசிவும் ஹோஸ் உரசலும் மூடிக்கு வெளியே தெரியாது. கழற்றுவது சிரமமென்றால் நாள் தள்ளிப்போகும். அனுபவசாலியும் தள்ளிப்போடுவார், நானே தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அன்று நாற்பதையும் கழற்றினோம். ஐந்து ஸ்குரூவின் ஸ்டார் தலை வழித்துப்போயிருந்தது. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலையின் அடிச்சரிவில், தண்டை ஒட்டி மட்டும் மெல்லிய வளையமாகப் பளபளப்பு. மற்ற இடமெல்லாம் மங்கல். எங்கே வாங்கினீர்கள் என்றேன். பஜாரில் ஹார்டுவேர் கடையில் என்றார். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் அளவுத் தட்டைத்தலை ஸ்குரூவின் சரிவு 90 டிகிரி. விமான ஸ்குரூவின் சரிவு 100 டிகிரி. ஃபைபரில் 100 டிகிரிக்குக் குழி போட்டு 90 டிகிரித் தலையை இறக்கினால், தலை தண்டோடு சேரும் அடிப்பகுதி மட்டும்தான் உட்காரும். மொத்த அழுத்தமும் அந்த மெல்லிய வளையத்தில் விழுந்து ஃபைபரைத் தின்னும். துளை பெரிதாகும், மூடி ஆடும். பார்வைக்கு இரண்டு ஸ்குரூவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆடுவது என்றால் எவ்வளவு? நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடினால் நொடிக்கு 80 வெடிப்பு. ஒரு மணி நேரப் பறப்பில் 2,88,000. இஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும். கௌலிங், இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் பிடித்திருக்கும். அதிர்வு போதாதென்று, முன்னால் புகும் காற்று மேல்மூடியை உள்ளிருந்து வெளியே தள்ளும். பூட்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் ஓரம் உப்பி, சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியாகத் தப்பிவிடும்.

என் விருப்பம் கால்வாசிச் சுற்றுத் திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் வகை. ட்ஸூஸ் வகையில் அடியில் ஒரு கம்பி ஸ்பிரிங் இருக்கும், ஆணியின் வெட்டு அதைக் கவ்விக்கொள்ளும். விரலாலேயே திரும்புகிறதென்றால் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். கேம்லாக் வகையில் ஸ்பிரிங் ஆணிக்குள்ளேயே இருக்கும். அமுக்கித் திருப்ப வேண்டும். இதில் ஒரு கவனம் வேண்டும். ஆணியின் நீளம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எண் வாரியாக வரும். கையால் பூசிய ஃபைபர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. ஒவ்வொரு துளையிலும் கனத்தை அளந்த பிறகுதான் ஆணியை வாங்க வேண்டும், பெயின்ட் கனத்தையும் சேர்த்து. நீளம் கூடினால் பூட்டியும் லொடலொடக்கும்; குறைந்தால் பூட்டவே பூட்டாது.

நீளக் கீல் வைத்து நடுவே கம்பி செருகும் முறையும் உண்டு. வெளியே ஒரு தலைகூடத் தெரியாது, பார்க்க அழகு. ஆனால் அதிர்வில் கீலின் கண்கள் ஒவ்வொன்றாக உடையும். கம்பியின் நுனியைக் கட்டாமல் விட்டால் நகர்ந்து வெளியே வரும். முன்னால் சுழல்வது புரொப்பெல்லர்.

நம் கரையில் உப்புக்காற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். முலாம் பூசிய இரும்பு ஸ்குரூ, முலாம் தேய்ந்ததும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்குத் தாங்கும். ஆனால் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். படகில் இதைப் பார்க்காத மெக்கானிக் கடலூரில் இல்லை. அந்த இடத்தில் ப்ரைமர் பூசி, அது காய்வதற்குள் ஸ்குரூவை ஏற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ என்றால் மரை கவ்விப் பிடித்துக்கொள்ளும். மரை சிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைப் பூசாமல் ஏற்றக் கூடாது. அதிர்வில் கழலாமல் பிடிக்கும் நட்டுதான் லாக்நட்; நைலான் வளையம் வைத்த லாக்நட் 121 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஃபயர்வாலுக்கு முன்னால் முழு உலோக லாக்நட் மட்டுமே போடுங்கள்.

கடைசியில் அவர் விமானத்துக்கு முடிவானது இது: பின் ஓரத்திலும் பக்கங்களிலும் கேம்லாக், புரொப்பெல்லர் பக்கம் மட்டும் ஆறு ஸ்குரூ, சரியான 100 டிகிரித் தலையோடு, அடியில் கிண்ணம் போலக் குழிந்த வாஷர் வைத்து. நேற்று போனில், நான்கு நிமிடத்தில் மூடி கையோடு வந்துவிடுகிறது என்றார். கழற்றியதும் முதலில் எக்ஸாஸ்ட் இணைப்புகளில் டார்ச் அடியுங்கள் என்றேன். சாம்பல் வெள்ளையாகவோ கரியாகவோ ஒரு தீற்றல் தெரிந்தால் அங்கே வாயு கசிகிறது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.