ஓசோன் ஓட்டைக்கு இன்னும் எத்தனை முதல் பரிசு?

செப்டம்பர் 16, உலக ஓசோன் தினம் வந்தால் போதும். சார்ட் பேப்பரில் நீலமாக ஒரு உருண்டை, அதன் உச்சியில் ஒரு கிழிசல், கிழிசல் வழியாக மஞ்சள் அம்புகளாக வெயில் இறங்கும். பூமியின் வாயில் தர்மாமீட்டர், நெற்றியில் ஈரத்துணி. அடியில் கொட்டை எழுத்தில் ‘ஓசோன் ஓட்டையை அடைப்போம், புவி வெப்பத்தைத் தணிப்போம்’. முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று எந்தப் பக்கம் அறிவியல் கண்காட்சி நடந்தாலும் இதே படம், இதே வாசகம். வரைந்த பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக் கொடுத்த ஆசிரியர்களான நம் மேல்தான் தப்பு.

ஒரே ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஓசோன் படலம் தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை. படலம் மெலிந்தால் வருவது தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச் சேதம். ‘ஓட்டை’ என்பது அண்டார்டிகாவுக்கு மேலே செப்டம்பர், அக்டோபரில் படலம் மிகவும் மெலிந்துபோவது. 1985-இல் உலகத்துக்குத் தெரியவந்தது. வேலூருக்கு மேலே ஓட்டை எதுவும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. புவி வெப்பமாவது வேறு சங்கதி. வெயில் கூடுதலாக உள்ளே நுழைவதால் அல்ல, தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு வெப்பம் வெளியேற முடியாமல் தங்கிப்போவதால் வருவது. தடுப்பவை கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள். ஒன்று கூரையில் ஓட்டை, இன்னொன்று உடம்பு மேல் கனத்துக்கொண்டே போகும் கம்பளி. ஓட்டையை அடைத்தால் கம்பளி மெலிந்துவிடாது.

இரண்டும் கேடுதான், இரண்டும் சுற்றுச்சூழல்தான், குழந்தைக்கு ஆர்வம் வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஓசோனை அரிக்கும் சி.எஃப்.சி. போன்ற வாயுக்களை நிறுத்த 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஓசோன் படலம் தேறிக்கொண்டு வருகிறது. அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கில் அது 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. அமைப்புகளின் 2022 மதிப்பீடு. நம் டிபன் பாக்ஸ் பிள்ளை வளர்ந்து இந்தச் செய்தியைப் படித்தால் என்ன நினைப்பான்? “ஓட்டை மூடிக்கிச்சாம், அப்ப சூடும் தானா குறைஞ்சிடும்.” கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் வருகிறது. நாம் கொடுத்த முதல் வரிதான் தப்பு.

(கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: “மிஸ், சி.எஃப்.சி. வாயுவும் வெப்பத்தைப் பிடிச்சு வைக்குமாமே?” ஆமாம், வைக்கும். ஃப்ரிட்ஜ்களில் அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு வெப்பம் பிடிக்கும். இப்படிப்பட்ட வாயுக்களைக் குறைக்கவே 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் இன்னொரு உடன்பாடு போட்டார்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவரச் சொல்லுங்கள். புதியதில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்றிருக்கும். அது ஓசோனையும் தொடாது, வெப்பமும் பெரிதாகப் பிடிக்காது. ஒரு ஸ்டிக்கர், ஒரு பீரியடு பாடம்.)

இன்னொரு சங்கடம், வார்த்தையிலேயே இருக்கிறது. “ஏலகிரில கிளைமேட் சூப்பர்பா”, “சாயங்காலம் கிளைமேட் மாறிடுச்சு, துணியை எடு” என்று பேசுகிற ஊர் நம்முடையது. நம் பேச்சில் கிளைமேட் என்றால் இன்றைய வானிலை, அதிலும் பாதி நேரம் நல்ல வானிலை. அந்தக் காதில் போய் ‘கிளைமேட் சேஞ்ச்’ என்று சொன்னால், “வேலூர்ல எப்பதான் வெயில் இல்ல? இன்னா புதுசா?” என்றுதான் பதில் வரும். முட்டாள்தனமான பதில் இல்லை அது. காலநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி என்று நாம் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். வெப்பநிலைக்கு வானிலைத் துறை இப்போது வைத்திருக்கும் சராசரி 1991 முதல் 2020 வரைக்கானது.

காலநிலை மாற்றமே இல்லை என்று மறுக்கிறவர்கள் நம் பக்கம் குறைவு. காலநிலை மாற்றம் பற்றிய கல்வி என்றதும் அமெரிக்காவைப் பார்த்து, மறுப்பவர்களோடு மல்லுக்கட்டும் பாடத்தைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இந்தியாவில் யேல் பல்கலைக்கழகக் குழு 2021-22-இல் எடுத்த ஆய்வில், புவி வெப்பமாதல் என்றால் என்ன என்று சுருக்கமாக விளக்கிச் சொன்ன பிறகு, 84 விழுக்காட்டினர் அது நடப்பதாகவே சொன்னார்கள். இங்கே நோய் வேறு. எல்லாவற்றையும் நம்புகிறோம், காரணம் கேட்காமல் நம்புகிறோம். ஓசோன் ஓட்டையை நம்பிய அதே வேகத்தில் நாளைக்கு ‘எல்லாம் புருடா’ என்று வரும் ஃபார்வேர்டையும் நம்புவோம்.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாலாறு வறண்டதற்குக் காரணம் காலநிலை மாற்றம்’ என்று கட்டுரைப் போட்டியில் எழுதுகிறார்கள், நாமும் டிக் போடுகிறோம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லா கோட்டை என்று வேலூரைக் கிண்டல் பண்ணும் பழைய பேச்சு, புவி வெப்பமாதல் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே புழங்கியது. மேலே கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் தேக்கப்படும் தண்ணீர், படுகையில் அள்ளிய மணல், நிலத்தடி நீரை உறிஞ்சும் போர்வெல்கள், இவையெல்லாம் கணக்கில் வரவேண்டாமா? தண்ணீர் கெட்ட கதை இதைவிடத் தெளிவு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டினால், மணல் அள்ளியவரும் கழிவு விட்டவரும் கைவீசிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

அப்புறம் 2021 நவம்பரில் அதே பாலாறு இருகரை தொட்டு ஓடியது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. “காஞ்சாலும் காலநிலை மாற்றம், பேஞ்சாலும் காலநிலை மாற்றமா?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், சரியான கேள்வி அது. பதில்: காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்க வாய்ப்பு கூடுகிறது, பெய்யாதபோது மண் இன்னும் சீக்கிரம் காய்கிறது. ஆனால் இன்ன தேதியின் இன்ன வெள்ளத்துக்கு இதுதான் காரணம் என்று ஆய்வில்லாமல் கைகாட்ட முடியாது. ‘முடியாது’ என்று சொல்ல ஆசிரியர் பழக வேண்டும்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? முதல் நாளே காலநிலையில் தொடங்காதீர்கள். யாருக்கும் கட்சி இல்லாத ஒரு புளுகில் தொடங்குங்கள். ‘நாளை அதிகாலை 5.27 மணி முதல் அபீலியன்’ (பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் நிலை) என்று வருஷா வருஷம் சுற்றும் ஃபார்வேர்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும். சூரியன் வழக்கமாக 9 கோடி கிலோமீட்டரில் இருக்கிறதாம், இப்போது 15.2 கோடிக்குப் போகிறதாம், 66 விழுக்காடு தூரம் கூடுதலாம், அதனால் குளிர், உடம்புவலி, சளி.

படித்துக் காட்டுவதற்கு முன் இரண்டு செய்யுங்கள். உண்மையை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள்: தூரம் ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி, ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். பிறகு, ‘வரப்போவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, பிடியுங்கள்’ என்று எச்சரியுங்கள். பொய்யை முதலில் வாசித்துவிட்டுக் கடைசியில் ‘இது தப்பு’ என்றால் பொய்யும் மனதில் தங்கிவிடலாம். இந்த வரிசையை மாற்றுவதில்தான் பாதி வகுப்புகள் கெடுகின்றன.

இனி பென்சில். 15.2 கோடியில் 9 கோடி போக 6.2 கோடி; 6.2-ஐ 9-ஆல் வகுத்தால் 69 விழுக்காடு வருகிறது, 66 இல்லை. புளுகியவருக்கு வகுத்தலும் வரவில்லை. அடுத்தது, சூரிய ஒளி வந்துசேர ஏறக்குறைய 8 நிமிடம் 20 நொடி என்று பாடத்தில் இருக்கிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். பெருக்கினால் 15 கோடி. அப்படியானால் ‘வழக்கமாக 9 கோடி’ என்பது எங்கிருந்து வந்தது? கடைசியாக, தூரம் நிஜமாகவே 1.69 மடங்கானால் வெயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகிவிடும். சளியோடா போகும், பாலாற்றில் ஐஸ் அல்லவா உறையும்? (மார்கழிக் குளிரில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருகிறது என்று சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.) பிடிக்கும் ருசி கண்ட வகுப்பு அடுத்த வாரம் தானாகவே ஃபார்வேர்டு கொண்டுவரும்.

அப்புறம் காலநிலைக்கு வாருங்கள். நாசா வைத்திருக்கும் உலகச் சராசரி வெப்ப அட்டவணை 1880-இல் இருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 1970 முதல் இன்றுவரை கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் பத்து வருட அகலத்துக்கு ஜன்னல் வெட்டி, 1998 முதல் 2008 வரை மட்டும் தெரியும்படி மேலே வையுங்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால் கோடு ஏறக்குறைய படுத்திருக்கும், ஏனென்றால் 1998 கடும் எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி உலகச் சராசரியையும் தூக்கிவிடும் நிலை) வருடம். அட்டையை எடுத்துவிட்டால் கோடு ஏறும். ‘வெப்பம் நின்றுவிட்டது’ என்று சொன்னவர்கள் செய்த வேலை அந்த ஜன்னல்தான். பிள்ளைகள் அதை விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும், நீங்கள் நகர்த்தக் கூடாது.

பேக்கிங் சோடாவில் வினிகர் ஊற்றி ஒரு பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு, இன்னொன்றில் வெறும் காற்று வைத்து, பல்பு வெளிச்சத்தில் எது கூடுதலாகச் சூடாகிறது என்று பார்க்கும் ‘பசுமை இல்ல விளைவு’ சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல்பு ஒரு விரற்கடை நகர்ந்தால் முடிவு தலைகீழாகும். சரியாக வந்தாலும் தப்பான காரணத்தால் வரும், கனமான கார்பன் டை ஆக்சைடு பாட்டிலில் கலங்காமல் தங்குவதே பெரும்பங்கு. சரியான விடைக்காகத் தப்பான சோதனையை ஜோடிப்பதும் ஃபார்வேர்டும் ஒரே ஜாதி.

தர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், அது போதும். தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரம், நேர் வெயில் படாமல், நாலு பக்கமும் காற்று ஓட, மண் தரைக்கு மேலே தொங்க வேண்டும். மேற்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் அளப்பது சுவரின் சூட்டை. சிமென்ட் தளத்து மேலே, ஓட்டல் அடுப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், பைக் டேஷ்போர்டில் பார்த்துவிட்டு ‘46 டிகிரி’ என்று ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். காலை 8.30, மாலை 5.30 என்று வானிலைத் துறை எடுக்கும் நேரத்திலேயே எடுங்கள். இரண்டு மாதம் குறித்தபின் கேளுங்கள்: “இது காலநிலை மாற்றத்தைக் காட்டுகிறதா?” ‘ஆமாம்’ என்று கத்துவார்கள். ‘இல்லை, இரண்டு மாதம் போதாது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்குக் கொடுங்கள் டிபன் பாக்ஸை.

ஃபாரன்ஹீட் தொல்லை தனி. நம் பேப்பர்களில் வேலூர் வெயில் ‘சதம் அடிப்பது’ ஃபாரன்ஹீட்டில். 100 என்பது 37.8 செல்சியஸ். புவி 1.1 டிகிரி சூடாகியிருக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு 2011 முதல் 2020 வரையான சராசரியை ஒப்பிட்டு, செல்சியஸில் சொல்வது. மாற்றும்போது 32-ஐக் கூட்டி ‘34 டிகிரி ஏறிவிட்டது’ என்று எழுதுகிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது உண்டு. வித்தியாசத்துக்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 சேராது. விடை 2 டிகிரி.

வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களே, ‘புவி வெப்பமாதலைத் தடுக்க ஐந்து வழிகள் எழுதுக’ என்று கேட்டால் ஐந்தாவது வரி வரை ‘மரம் நடுவோம்’தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதை எரித்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்கிறார்கள். இது புளுகா? காரணம் கூறுக.’ விடை: புளுகில்லை. பெட்ரோலின் கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன், ஆக 44 கிராம். ‘புளுகு’ என்று எழுதி ஒழுங்காகக் காரணம் காட்டிய பிள்ளைக்கும் பாதி மதிப்பெண் போடுங்கள்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை. குடும்ப குரூப்பில் சித்தப்பா அபீலியனைத் தட்டிவிட்டால், அங்கேயே முப்பது பேர் முன்னால் லிங்க் போட்டு மானத்தை வாங்காதீர்கள். அவர் மெசேஜை அழிக்கமாட்டார், உங்களைத்தான் குரூப்பிலிருந்து எடுப்பார். ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் போன் பண்ணி, “சித்தப்பா, அந்த 66 பர்சென்ட் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் வகுத்துப் பாருங்களேன்” என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.