‘புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது’ என்ற ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் குடும்பங்களிலிருந்து கட்டக்கோரை என்ற பாசியைப் பற்றி இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "கட்டக்கோரை புற்றுநோயைக் கொல்லுதாமே, லேப் ரிப்போர்ட்டே இருக்காமே?" வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தவை எல்லாம் எம்டிடி சோதனை ரிப்போர்ட்டுகள். செல் வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எம்டிடி ஒரு மஞ்சள் சாயம். உயிருள்ள செல் தன் நொதிகளால் அதை ஃபார்மசான் என்ற ஊதா நிறப் பொருளாக மாற்றும். 96 குழித் தட்டில் செல்களை வளர்த்து, பாசிச் சாற்றை ஊற்றி, ஓரிரு நாள் கழித்துச் சாயம் சேர்த்து, 37 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வைப்போம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் மேல் ஊதா ஊசிகள் முளைத்திருக்கும். அவற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நிறத்தை அளப்போம். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட அருமையான முறை. ஆனால் கருவிக்குத் தெரிவது நிறம் மட்டுமே. செல் சாகாமல் பெருகுவதை நிறுத்தியிருந்தாலும் ஊதா குறையும்.

கடல்பாசியில் சிக்கல் இன்னும் கூடுதல். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருட்கள் உண்டு. செல்லே இல்லாத குழியிலும் அவை மஞ்சளை ஊதாவாக்கிவிடக்கூடும். செத்த செல் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். அதனால் சாறும் சாயமும் மட்டும் ஊற்றிய குழிகள் கட்டாயம் வேண்டும். உப்பு இதற்கு நேர்மாறு. சரியாகக் கழுவாத பாசியின் நீர்ச்சாற்றில் உப்பு மிஞ்சினால், அதுவே செல்லைச் சுருக்கிக் கொன்றுவிடும். பெயர் மட்டும் பாசிக்குப் போகும்.

டிரைபான் நீலம் என்ற சாயத்தால் செய்யும் சோதனை வேறு வகை. சவ்வு சிதைந்த செல்லுக்குள் நீலம் ஏறும். உயிருள்ளது நிறமேறாமல் பளிச்சென்று தெரியும். ஹீமோசைட்டோமீட்டர் என்ற, செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில் மைக்ராஸ்கோப் வழியே கண்ணாலேயே எண்ணலாம், ஐந்து நிமிடத்துக்குள். தாமதித்தால் சாயமே செல்லைக் கொல்லும். எம்டிடி, டிரைபான் நீலம் இரண்டும் ஒத்துப்போனால் எனக்கு நம்பிக்கை கூடும்.

சரி, செல் உண்மையிலேயே செத்தது என்றே வைத்துக்கொள்வோம். பினாயில் ஊற்றினாலும் புற்றுநோய்ச் செல் சாகும். அதே அளவு சாறு சாதாரண செல்லை என்ன செய்தது? ரிப்போர்ட்டில் முதலில் அதைத் தேடுங்கள். அப்புறம், தட்டில் நாங்கள் செல் மேலேயே ஊற்றுகிறோம். விழுங்கிய பாசிப் பொடி குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதை இந்தச் சோதனை தொடுவதே இல்லை.

சிகிச்சையில் இருப்பவருக்கு யாராவது பாசிப் பொடி கொடுத்தால், டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள். பழுப்புப் பாசியில் அயோடின் அதிகம் இருக்கலாம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கு அதுவே தொந்தரவு. பொடியை நம்பிக் கீமோவை நிறுத்திவிடாதீர்கள்.